செயின்ட் லாரன்ஸில் மஸ்கி: மூன்று சீசன் ஆச்சு, ஒரு மீன்கூட இல்லை

#1 ஸ்காபரோ_தூண்டில் · செப்டம்பர் 8, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். இது கொஞ்சம் புலம்பல் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவார்த்தா ஏரிகளில் இரண்டு மஸ்கி (மஸ்கெலஞ்ச் என்ற பெரிய நன்னீர் வேட்டை மீன்) பிடித்திருக்கிறேன். ஒன்று 34 அங்குலம், இன்னொன்று 37. அந்தத் தைரியத்தில்தான் பெரிய மீன் வேண்டும் என்று செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பக்கம் போக ஆரம்பித்தேன். கெனனாக்வே என்ற கரையோர ஊரில் படகை இறக்கிவிட்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வீசிக்கொண்டே இருப்பேன். இது மூன்றாவது சீசன், இதுவரை பதினான்கு நாள். கிடைத்தது என்னவென்றால் பாஸ், பைக் (இரண்டு சக்கரம் இல்லை, மஸ்கியின் தம்பி), அப்புறம் தோள்பட்டை வலி.

ஒரே ஒருமுறை, போன ஆகஸ்டில், லூருக்கு (போலி இரைக்கு) பின்னால் ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. படகுக்கு இரண்டடி தள்ளி நின்றதும்தான் அதற்குக் கண் இருப்பது தெரிந்தது. நான் பதறிப்போய் லூரைத் தண்ணீரை விட்டே தூக்கிவிட்டேன். அது ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் கீழே இறங்கிவிட்டது.

சாமான்: எட்டரை அடி ஹெவி ராடு (தூண்டில் கம்பு), 80 பவுண்டு பிரெய்டு நூல், ஃப்ளோரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் கடிதாங்கும் நூல்), இரட்டைப் பத்தாம் நம்பர் தகடு போட்ட பக்டெயில் (முடி கட்டிய லூர்), ரப்பர் லூர் இரண்டு.

ஏரி என்றால் பாசி ஓரம், வளைவு, மூலை என்று எனக்குப் பிடிபடுகிறது. இந்த ஆறு கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆயிரம் தீவு என்று பெயர், இருப்பது 1,864 தீவு! எந்தத் தீவில் தொடங்குவது?

#2 மீன்குழம்பு · செப்டம்பர் 8, இரவு 11:05

முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. பிடித்தால் குழம்புக்கு ஆகுமா? பார்க்க நம்ம ஊர் சீலா மாதிரி இருக்கிறதே.

#3 ஒட்டாவாக்காரி · செப்டம்பர் 9, காலை 7:20

@மீன்குழம்பு ஆகாது. முதலில் சட்டம். செயின்ட் லாரன்ஸில் 54 அங்குலத்துக்குக் குறைவான மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. கன்சர்வேஷன் லைசன்ஸ் (குறைவான மீனையே வைத்துக்கொள்ள விடும் உரிமம்) என்றால் எந்த அளவிலும் ஒன்றுகூடக் கூடாது. சீசன் ஜூனில் திறந்து டிசம்பர் 15-இல் மூடும். திறக்கும் தேதியை அந்தந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாதரசம். உணவுச் சங்கிலியின் உச்சியில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பிற மீன்களைத் தின்கிற மீன் இது. அத்தனை மீனில் இருந்த பாதரசமும் அதன் சதையில் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, வயது. 50 அங்குலத்தைத் தாண்டிய மீன் அநேகமாகப் பெண். ஆண் அந்த அளவுக்கு வளருவது அபூர்வம். அந்த நீளத்துக்கு வர பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். முப்பது வருடம்வரை வாழ்கிற மீன் இது. டொராண்டோ ராயல் ஒன்டாரியோ மியூசியத்தில் எட் கிராஸ்மன் என்ற விஞ்ஞானி, செவுளுக்குப் பின்னால் இருக்கும் கிளைத்ரம் என்ற எலும்பைச் சேகரித்து, அதிலுள்ள வளையங்களை எண்ணித்தான் இந்த வயதுக் கணக்கையெல்லாம் கொண்டுவந்தார். ஒரு மீனைக் குழம்பில் போட்டால், நீங்கள் கனடா வருவதற்கு முன்னாலேயே இங்கே குடியிருந்த ஒருவரைப் போட்டதாக ஆகிவிடும்.

குழம்புக்கு வால்ஐ (walleye) என்ற மீனைப் பிடியுங்கள். நம் மசாலாவுக்கு அதுதான் சரி.

#4 ஆயிரம்_தீவு · செப்டம்பர் 9, மாலை 6:51

தம்பி ஸ்காபரோ, உன் கேள்வியிலேயே தவறு இருக்கிறது. 1,864 தீவில் எது என்று கேட்கிறாய். நான் இருபத்திரண்டு வருடமாக இந்த ஆற்றில் மீன் பிடிக்கிறேன். எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது ஐந்து இடம். அதில் இரண்டு இடத்தில்தான் என் மீன்களில் முக்கால்வாசியும் வந்தன.

முதலில் ஆற்றைச் சின்னதாக்கு. கடல் வரைபடம் மாதிரி ஒரு சார்ட் வாங்கி, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை மட்டும் எடு. அதில் ஒரு தீவாவது இருக்கவேண்டும். ஆழமான கால்வாய் பக்கத்திலேயே ஓடவேண்டும். நடுவில் ஒரு பாறைத் திட்டு, நாங்கள் ஊரில் பார் என்போமே, அது இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் ராடைத் தொடாதே. எக்கோ சவுண்டரை (ஆழம் காட்டும் கருவியை) போட்டுக்கொண்டு அந்தத் துண்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டு. பாசி எத்தனை அடியில் முடிகிறது, அடித்தளம் எங்கே மணல், எங்கே பாறை, சிறுமீன் எந்த ஆழத்தில் மேகம்போல் நிற்கிறது, இதையெல்லாம் குறித்துக்கொள்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் என்ன வித்தியாசம்? ஏரியில் காற்று அடிக்கும் திசையைப் பார்ப்பாய். இங்கே தண்ணீர் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. மீனும் அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கும். இரை ஓட்டத்தோடு வரும், மஸ்கி ஓட்டத்தில் நிற்காது. நாள் முழுக்க எதிர்நீச்சல் போட அதற்கு என்ன கிறுக்கா? ஓட்டமும் தேக்கமும் உரசும் கோட்டில், தேக்கத்துப் பக்கம் படுத்துக்கொண்டு ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெருமுனைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பஸ் பார்க்கிற மாதிரி.

ஒரு தீவை எடுத்துக்கொள். தலைப்பக்கத்தில் ஓட்டம் மோதும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மெத்தை மாதிரித் தண்ணீர் இருக்கும். அங்கே ஒரு மீன். வால்பக்கத்தில் சுழி, அதன் இரண்டு பக்கமும் இரண்டு கோடு. நுரையும் பாசித் துணுக்கும் வரிசையாக மிதந்தால் அதுதான் அந்தக் கோடு, கண்ணாலேயே தெரியும். லூர் ஓட்டத்திலிருந்து தேக்கத்துக்குள் நுழைகிற மாதிரி வீசு. எதிர்ப்பக்கமிருந்து இழுத்தால் இரை தானாக ஓடிவந்து வாய்க்குள் விழுகிறது என்று எந்த மீனும் நம்பாது.

பருவம் என்று பார்த்தால், ஜீப்ரா சிப்பி வந்து தொற்றியபிறகு இந்த ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. வெயில் ஆழம்வரை இறங்குவதால் பாசியும் முன்னைவிட ஆழத்தில் வளர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பத்து அடிப் பாசி ஓரத்தில் வீசிவிட்டு மீன் இல்லை என்று வருகிறவர்கள் பலர். அந்தப் பாசி பதினாறு, பதினெட்டு அடிவரை போகிறது; மீன் அதன் வெளி ஓரத்தில் நிற்கும். செப்டம்பர் கடைசியில் பாசி பழுப்பாகிச் சாயும். அப்போது இன்னும் பச்சையாக நிற்கும் ஒரு திட்டைக் கண்டுபிடித்தால் அங்கேயே படகைக் கட்டிப்போடலாம். அக்டோபர் பாதிக்குமேல் எல்லாமே பாறைச் சரிவுக்கு, 25 அடி முதல் 45 அடிவரை, போய்விடும்.

முட்டையிடுவது மே மாதம், ஆழமில்லாத குடாக்களில். அதன்பிறகு சில மீன்கள் ஒன்டாரியோ ஏரிவரை போய்வருகின்றன. ஆகையால் ஜூலையில் ஒரு இடம் காலியாக இருந்தால் அது செத்த இடம் என்று முடிவு கட்டாதே. நவம்பரில் வந்து பார்.

#5 ஸ்காபரோ_தூண்டில் · செப்டம்பர் 9, இரவு 9:30

அண்ணா, இதை அச்சடித்துப் படகில் ஒட்டப்போகிறேன். பதினான்கு நாளில் பதினான்கு இடத்துக்கு மேல் போயிருப்பேன். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றதாக ஞாபகமே இல்லை.

#6 பட்டைக்கரண்டி · செப்டம்பர் 10, காலை 6:15

ஆயிரம்_தீவு அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் சண்டைக்கு வருவேன்.

இரண்டு கிலோமீட்டரைப் படி என்பது அங்கேயே வீடு வைத்திருப்பவருக்குச் சரி. இவர் 401 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டிவந்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் பிடிக்கிறவர். இவருக்கு டிராலிங்தான் வழி. (ஊரில் டிராலர் என்றால் மடிவலை இழுக்கிற விசைப்படகு ஞாபகம் வரும். இது அது இல்லை. ஒன்றிரண்டு தூண்டிலைப் பின்னால் விட்டுப் படகை ஓட்டிக்கொண்டே இருப்பது.) மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் 48 கிலோமீட்டர் தண்ணீரை லூர் பார்த்துவிடும். கையால் வீசினால் அதே நாளில் நாலு கிலோமீட்டர் பார்ப்பீர்களா? இந்த ஆற்றின் பெரிய மீன்களில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்தில் டிராலிங்கில் வந்தவைதான்.

என் முறை இதுதான். ஒரு லூரைப் படகுக்குப் பின்னால் பதினைந்து அடியில், புரொப்பெல்லர் நுரைக்குள்ளேயே விடுவேன். சிரிக்காதீர்கள், மஸ்கிக்குப் படகுச் சத்தம் பயமில்லை, அந்த நுரையைப் பார்க்கவே வரும். இன்னொன்றை நூறடிக்கு மேல். பத்து அங்குல கிராங்க்பெய்ட் (மீன் மாதிரி ஆடி நீந்தும் லூர்), பாறைச் சரிவின் ஓரமாக. நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல் வளைத்து வளைத்து ஓட்டவேண்டும். ராடு நுனியில் கண் இருக்கட்டும். லூர் ஒழுங்காக ஓடினால் நுனி டக்டக்டக் என்று துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு மந்தமானால் ஒரு இழை பாசி மாட்டியிருக்கிறது. ஒரு இழைதான் என்று விட்டுவிட்டால் அடுத்த அரைமணி நேரம் நீங்கள் வெறுமனே பெட்ரோல் எரிக்கிறீர்கள்.

#7 ஆயிரம்_தீவு · செப்டம்பர் 10, மாலை 7:02

நான் டிராலிங்குக்கு எதிரி இல்லை. நவம்பரில் நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் இடம் தெரியாமல் 48 கிலோமீட்டர் இழுத்தால், அதில் 45 கிலோமீட்டர் மீனே இல்லாத தண்ணீர். அந்த இரண்டு கிலோமீட்டரிலேயே டிராலிங் செய்தால் என்ன? ஒரே சரிவை 25 அடியில் ஒருமுறை, 35 அடியில் ஒருமுறை, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக.

இன்னொன்று. ஓட்டத்தோடு போகும்போது ஜிபிஎஸ் காட்டும் வேகம் வேறு, லூர் உணரும் வேகம் வேறு. ஓட்டத்தை எதிர்த்துப் போகையில் ஜிபிஎஸ் 5 காட்டினாலும் லூர் 7-இல் துடிக்கும். எண்ணைப் பார்க்காதே, ராடு நுனியைப் பார். இதில் கரண்டியாரோடு எனக்குச் சண்டை இல்லை.

#8 மீன்குழம்பு · செப்டம்பர் 10, இரவு 8:44

நல்ல நாள், நட்சத்திரம் எல்லாம் பார்க்கவேண்டாமா?

#9 பட்டைக்கரண்டி · செப்டம்பர் 10, இரவு 9:10

நீங்கள் கிண்டலாகக் கேட்கிறீர்கள், மஸ்கிக்காரர்கள் நிஜமாகவே பஞ்சாங்கம் பார்ப்பார்கள். பௌர்ணமி, அமாவாசை, சந்திரன் உதிக்கும் நேரம், மறையும் நேரம், தலைக்கு மேல் நிற்கும் நேரம் எல்லாம் போனில் செயலியாக வைத்திருப்பார்கள். எனக்கு நம்பிக்கை பாதிதான். ஆனால் நிலா உதிக்கும் நேரமும் பொழுது சாயும் நேரமும் ஒன்றாக வரும் நாளில், எனக்குத் தெரிந்த நல்ல இடத்தில்தான் நிற்பேன். சாப்பாட்டுக்குக் கரைக்குப் போகமாட்டேன்.

#10 ஒட்டாவாக்காரி · செப்டம்பர் 11, காலை 7:35

பஞ்சாங்கத்தை விடுங்கள். ஸ்காபரோ, உங்களிடம் ஒரு மீன் வந்தது, நீங்கள் விட்டுவிட்டீர்கள். அதைப் பேசுவோம்.

மஸ்கி பின்தொடர்ந்து வந்து படகோரத்தில் நிற்பது அதிசயமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு போடவேண்டும். மீன் தெரிந்தாலும் போடவேண்டும், தெரியாவிட்டாலும் போடவேண்டும். பெரும்பாலும் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வந்துகொண்டிருக்கும்.

எப்படி என்றால், லீடர் ராடு நுனிக்கு ஒரு அடி இருக்கும்போதே சுற்றுவதை நிறுத்தி, ரீலில் விரலை வைத்து, நுனியை முழங்கை நனையும்வரை தண்ணீருக்குள் விடுங்கள். லூரை நிறுத்தவே கூடாது. இடமிருந்து வலமாக ஒரு பெரிய 8. கோடு நேராகப் போகும் இடத்தில் வேகமாக. வளைவில் நுனியைக் கொஞ்சம் ஆழமாக்கி, அகலமாகத் திருப்புங்கள். நாலடி நீள மீன் அது, சின்ன வளைவில் திரும்ப முடியாது. பஸ் யூடர்ன் எடுக்கிற மாதிரிதான் அதற்கு இடம் வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் பெரும்பாலும் அடிக்கும்.

அடித்ததும் மேலே தூக்காதீர்கள். வாயிலிருந்து லூரை நீங்களே பிடுங்கிக்கொள்வதுபோல் ஆகிவிடும். அது வந்த திசைக்கு எதிராக, பக்கவாட்டில், தண்ணீருக்குள்ளேயே ஒரே இழுப்பு. அதன் வாய் எலும்பும் பல்லும்தான். அதனால் தூண்டில் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் எடுத்துத் தீட்டுங்கள். குத்தி நின்றால்தான் சரி.

என் முதல் மஸ்கி எட்டில்தான் வந்தது, மூன்றாவது சுற்றில். மேலே தெறித்த தண்ணீரில் கண்ணாடி நனைந்து எதுவுமே தெரியவில்லை. மீனை வலையில் போட்டதே தம்பிதான்.

#11 கியூபெக்_கிராமத்தான் · செப்டம்பர் 12, இரவு 11:18

மாண்ட்ரியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒரே இடத்தில் இரண்டு ஆறு. ஒட்டாவா ஆற்றுத் தண்ணீர் காட்டு மண்ணிலிருந்து வருவதால் டீ டிகாக்ஷன் நிறம். செயின்ட் லாரன்ஸ் பச்சைத் தெளிவு. லக் சென் லூயி ஏரிப்பகுதியில் இரண்டும் உடனே கலக்காமல் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேரும் இடத்தில் சில நாட்களில் தெரியுமே, அதுபோல். நான் ஈரோட்டுக்காரன், முதன்முதலில் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த நிறக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அதை ஒட்டித்தான் நான் பிடிப்பேன். பழுப்புப் பக்கம் கறுப்பு, ஆரஞ்சு, செம்புத் தகடு. அதிர்வு பலமாக இருக்கவேண்டும், ஏனென்றால் அங்கே மீன் கண்ணைவிட உடம்பின் பக்கக் கோட்டால்தான் இரையை உணருகிறது. தெளிந்த பக்கம் பெர்ச் மீன் நிறம், வெள்ளி, அப்புறம் வேகம். மெதுவாக இழுத்தால் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிவிட்டுப் போய்விடும்.

ஒட்டாவா ஆற்றில் ஒரு எச்சரிக்கை. நூறு வருடத்துக்கு மேல் மரம் வெட்டி மிதக்கவிட்ட ஆறு அது. மூழ்கிய கட்டைகள் இன்னும் அடியில் கிடக்கின்றன. சில தலைகீழாகக் குத்திட்டு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். மீனுக்கு நல்ல நிழல், மோட்டாருக்குக் கேடு. ஒரு கட்டையில் மோதி என் மோட்டாரின் புரொப்பெல்லர் ஒரு இதழை இழந்திருக்கிறது. கரைக்குத் துடுப்பு போட்டுத்தான் வந்தேன்.

லைசன்ஸும் கவனம். கியூபெக் வேறு, ஒன்டாரியோ வேறு. ஆயிரம் தீவுப் பக்கம் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் நியூயார்க் லைசன்ஸ்.

#12 ஸ்காபரோ_தூண்டில் · செப்டம்பர் 13, காலை 8:05

எல்லாரும் பிடிப்பதைச் சொல்கிறீர்கள். பிடித்தபிறகு என்ன செய்வது? கவார்த்தாவில் 37 அங்குல மீனுக்கே நான் திணறினேன்.

#13 ஆயிரம்_தீவு · செப்டம்பர் 13, மாலை 6:20

நல்ல கேள்வி, இதை முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். என் கையைக் காட்டினால் புரியும். வலது கை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு. 2009-இல், சின்ன வலை, சின்ன குறடு, தனியாக வேறு போயிருந்தேன். மீன் வாயில் மூன்று முனை முள்ளின் ஒரு முனை, என் கையில் இன்னொரு முனை. நடுவில் நாற்பத்தைந்து அங்குல மீன் உதறுகிறது. இடது கையால் எட்டுகிற இடத்தில் கம்பி வெட்டி இல்லை, அது இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள். அந்த ஒன்றரை நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முள்ளைப் பார்த்த நர்ஸ், இது என்ன சுறாவுக்கா என்று கேட்டார்.

அதனால் படகில் கட்டாயம் இருக்கவேண்டியது: மீன் முழுசாகப் படுக்கிற அளவுக்குப் பெரிய, ரப்பர் பூசிய வலை. முள்ளையே துண்டாக்கும் நல்ல கம்பி வெட்டி, கைக்கு எட்டும் இடத்தில், பெட்டிக்குள் இல்லை. பதினோரு அங்குலக் குறடு. அளவுப் பலகை, நனைத்துவைத்து.

மீன் வலைக்குள் வந்ததும் படகில் தூக்காதே. வலையோடு தண்ணீரிலேயே, படகோரம் இருக்கட்டும். அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே முள்ளை எடு; முள் ஆழமாக இருந்தால் யோசிக்காமல் வெட்டு. ஒரு முள் இரண்டு டாலர். எல்லாம் தயாரானபிறகு ஒரே ஒருமுறை தூக்கு. ஒரு கை செவுள் மூடிக்கு அடியில் தாடையோரம், இன்னொரு கை வயிற்றுக்கு அடியில், கிடைமட்டமாக. குழந்தையைக் குளிப்பாட்டி எடுக்கிற மாதிரி. தொங்கவிட்டுப் படம் எடுத்தால் அதன் உள்ளுறுப்பெல்லாம் அதன் எடையிலேயே இறங்கிவிடும். அளவு, படம், திரும்பத் தண்ணீர்: முப்பது வினாடி. வாலைப் பிடித்துக்கொண்டு காத்திரு. அது தானாக உதறிக்கொண்டு போகவேண்டும்.

எடை பார்க்கத் தொங்கவிடவேண்டாம். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டில் கிட்டத்தட்ட எடை வரும்.

தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டினால் நான் மஸ்கிக்குப் போவதில்லை. விட்ட மீன் நீந்திப் போகும், சாயங்காலம் செத்துப்போகும். அதேபோல் நவம்பர் கடைசியில் காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனால் தூக்கவே தூக்காதே. கண்ணும் செவுளும் நொடியில் உறைய ஆரம்பிக்கும்.

#14 பட்டைக்கரண்டி · செப்டம்பர் 13, இரவு 8:02

இதில் எல்லாம் ஒத்துப்போகிறேன். நவம்பர் என்றால் மீனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். மிதக்கும் உடுப்பு போடாமல் போகாதீர்கள். அந்தத் தண்ணீரில் விழுந்தால் கொஞ்ச நேரத்திலேயே கைவிரல் சொன்னபடி கேட்காது. பெரிய சரக்குக் கப்பல் போகும்போது கரையோரத் தண்ணீரை முதலில் உறிஞ்சி, அப்புறம்தான் அலையைத் திருப்பி அனுப்பும். ஆழமில்லாத இடத்தில் நின்றால் படகு பாறையில் உட்கார்ந்துவிடும்.

#15 சுழியோடி · செப்டம்பர் 15, இரவு 10:50

இழையை முழுக்கப் படித்தேன். ஒன்றைச் சேர்க்கிறேன். மீன் குறைந்ததற்குப் பிடிப்பவர்களின் திறமைக்குறைவு மட்டும் காரணமில்லை. 2005-இலிருந்து 2008 வரை வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோயில் ஆயிரம் தீவுப் பகுதியில் முட்டையிடும் வயதுப் பெரிய மஸ்கிகள் செத்து ஒதுங்கின. அதே காலத்தில் ரவுண்ட் கோபி என்ற அயல் மீனும் பெருகிவிட்டது. சின்ன மீன்தான், ஆனால் மஸ்கி முட்டையையும் குஞ்சையும் தின்னும். மஸ்கி கூடு கட்டுவதில்லை, காவல் காப்பதும் இல்லை. பாசிமேல் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். கோபிக்கு அது பந்தியில் இலை போட்ட மாதிரி. கிளேட்டன் பக்கத்தில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இதைப் பல வருடமாகக் கணக்கெடுத்து வருகிறது.

ஆகையால் பதினான்கு நாள் வெறுங்கையோடு வருவது வெட்கப்படவேண்டிய விஷயமே இல்லை.

#16 மீன்குழம்பு · செப்டம்பர் 15, இரவு 11:20

இந்த ஆற்றில்தானே உலக சாதனை மீன் பிடித்தார்கள்? 70 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று ஒரு பழைய படம் பார்த்த ஞாபகம்.

#17 சுழியோடி · செப்டம்பர் 16, காலை 6:40

அது ஆர்தர் லாட்டன், 1957. 69 பவுண்டு 15 அவுன்ஸ் என்றார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக உலக சாதனையாக இருந்தது. அப்புறம் புகைப்படத்தை வைத்து ஆராய்ந்து சந்தேகம் கிளம்பி, 1992-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலப் பட்டியலில் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். 1949-இல் விஸ்கான்சினில் பிடித்த கேல் ஜான்சனின் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன்மீதும் தகராறு உண்டு. பெரிய மீன் கதை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

#18 ஸ்காபரோ_தூண்டில் · நவம்பர் 3, காலை 1:12

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

அக்டோபரில் மூன்று முறை போனேன். கெனனாக்வேக்குக் கீழே ஒரு தீவு, அதன் வால்பக்கம், அதை ஒட்டி 22 அடியிலிருந்து 40 அடிக்குச் சரியும் பாறை. எந்தத் தீவு என்று கேட்காதீர்கள், அண்ணனுக்கு மட்டும் தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் ராடைத் தொடாமல் சுற்றினேன். உண்மையைச் சொன்னால் பதினொரு மணிக்குமேல் கை தாங்கவில்லை, கொஞ்சம் வீசினேன். இரண்டாவது தடவை ஒன்று பின்தொடர்ந்து வந்தது. எட்டு போட்டேன், நாலு சுற்று, பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை. ஆனால் சிறுமீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று முதல்முறையாக எனக்குத் தெரிந்தது.

நேற்று நானும் மச்சானும் போனோம். டிராலிங். கரண்டி அண்ணன் சொன்னபடி ஒன்று நுரைக்குள், ஒன்று தூரத்தில். காலை முழுக்க அதே சரிவில் மேலும் கீழுமாக. மச்சான் பதினொன்றாவது சுற்றில், "இது மீன்பிடியா, தேர் இழுக்கிறதா?" என்று கேட்டான். மூன்றே முக்காலுக்கு, தீவின் வாலில் திரும்பும்போது, ராடு ஹோல்டரில் இருந்த ராடு அப்படியே மடங்கிப் பின்னால் சாய்ந்தது. ரீல் போட்ட சத்தத்தில் மச்சான் தேநீர்க் கோப்பையைத் தண்ணீரில் போட்டுவிட்டான்.

49 அங்குலம். சுற்றளவு 22. கணக்குப் போட்டால் 29½ பவுண்டு சொச்சம். முள்ளில் ஒன்று வலையில் மாட்டிக்கொண்டது, வெட்டிவிட்டேன்; வெட்டி என் இடுப்பு பெல்ட்டில்தான் இருந்தது. படம் ஒன்றே ஒன்று, அதிலும் என் தலை பாதிதான் இருக்கிறது. மீன் முழுசாக இருக்கிறது. வாலைப் பிடித்திருந்தேன், கொஞ்ச நேரம் சும்மா நின்றது, அப்புறம் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விட்டது. பக்கவாட்டில் இருந்த பச்சைப் பட்டைகள் கடைசியாக மறைந்தன.

#19 பட்டைக்கரண்டி · நவம்பர் 3, காலை 5:58

டிராலிங். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

#20 ஒட்டாவாக்காரி · நவம்பர் 3, காலை 7:14

வாழ்த்துகள்! தலை பாதி வெட்டுப்பட்ட படம்தான் நல்ல படம். மீனை ரொம்ப நேரம் தூக்கிவைக்கவில்லை என்று அதிலேயே தெரிகிறது.

#21 ஆயிரம்_தீவு · நவம்பர் 3, மாலை 5:40

சந்தோஷம் தம்பி. மூன்று கேள்வி. தண்ணீர் எத்தனை டிகிரி? எந்தப் பக்கம் திரும்பினாய்? அடித்தது எந்த ராடு?

#22 ஸ்காபரோ_தூண்டில் · நவம்பர் 3, மாலை 6:02

10 டிகிரி அண்ணா. இடப்பக்கம் திரும்பினேன். அடித்ததும் இடப்பக்க ராடுதான், தூரத்தில் விட்டது.

#23 ஆயிரம்_தீவு · நவம்பர் 3, மாலை 6:25

அப்படியென்றால் அது வளைவின் உள்பக்க லூர். திரும்பும்போது உள்பக்க லூரின் வேகம் குறையும், வெளிப்பக்கத்தது கூடும். மீன் வேகம் குறைந்த நொடியில் அடித்திருக்கிறது. நீ இவ்வளவு நேரம் அதற்கு வேகமாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியிருக்கும். நேராக ஓட்டும்போதே மணிக்கு ஒரு கிலோமீட்டர் குறைத்துப் பார். மச்சானுக்கு மூடி போட்ட கோப்பை வாங்கிக் கொடு.